வன்தட்டு: தட்டிக்கொண்டே இருந்த தட்டு

கணினியில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் என்பதற்குத் தமிழில் மூன்று சொற்கள் புழங்குகின்றன: நிலைவட்டு, வன்வட்டு, வன்தட்டு. எது சரி என்று கேட்டால் நான் கடைசிச் சொல்லின் பக்கம். இலக்கணம் எதிர்க்கட்சியில் இருக்கிறது என்பது தெரியும். என் காது இந்தக் கட்சியில் இருக்கிறது.

முதலில் ஆங்கிலப் பெயரின் கதை. 1956இல் ஐபிஎம் நிறுவனம் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உருவாக்கிய முதல் வட்டு இயந்திரத்தின் பெயரில் ‘ஹார்ட்’ கிடையாது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே தண்டில் கோத்து, நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றும். மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். அதை வெறும் டிஸ்க் என்றே சொன்னார்கள். 1971இல் வளைந்துகொடுக்கும், கழற்றி எடுத்துப்போகும் ஃப்ளாப்பி வட்டு வந்த பிறகுதான் மூத்தவருக்கு ‘கடினமான’ என்ற அடைமொழி தேவைப்பட்டது. வெள்ளைச் சர்க்கரை வந்ததும் நம் சர்க்கரை ‘நாட்டுச்சர்க்கரை’ ஆனதே, அதே கதை. இடையில் 1973 மாதிரி ஒன்றுக்கு வின்செஸ்டர் என்ற துப்பாக்கிப் பெயரும் ஒட்டிக்கொண்டது. 30 மெகாபைட் வட்டுகள் இரண்டு என்று திட்டமிட்டிருந்தார்கள். ‘30-30’ என்பது அந்தத் துப்பாக்கியை நினைவூட்டியது.

1983இல் தன் மேசைக் கணினியில் 10 மெகாபைட் வட்டைப் பொருத்தியபோதும் ஐபிஎம் அதை ‘ஃபிக்ஸ்டு டிஸ்க்’ என்றுதான் எழுதியது. விண்டோஸுக்கு முந்தைய, கட்டளைகளைத் தட்டி இயக்கிய டாஸ் காலத்தில் வட்டைப் பாகம் பிரிக்க நாம் கொடுத்த ‘எஃப்டிஸ்க்’ கட்டளையின் முதலெழுத்து இதிலிருந்து வந்ததே. ஃப்ளாப்பியைப் போல உருவ முடியாது, பெட்டிக்குள் நிலையாகக் கிடக்கும். ஆகவே நிலைவட்டு நல்ல மொழிபெயர்ப்பு. ஆனால் தேர் நிலைக்கு வந்துவிட்டது என்றால் ஓட்டம் முடிந்தது என்று பொருள். நிமிடத்துக்கு 3,600 முறை சுற்றும் ஒன்றை ‘நிலை’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

‘வட்டு’ மிகப் பழைய சொல். கருப்பட்டி வட்டு இன்றும் சந்தையில் கிடைக்கிறது. ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்று 401ஆம் குறள் சொல்வது, கட்டம் கீறாமல் வட்டுக்காய் உருட்டி ஆடுவதை. ஃபார்மட் செய்யாத, அதாவது தடங்கள் கீறாத வட்டில் கோப்பை எழுத முயல்வதும் ஏறக்குறைய அதேதான். திருவள்ளுவர் கணினி கற்றுத்தந்தார் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

இனி ‘தட்டு’. வன் என்பதோடு தொண்டர் சேர்ந்தால் வன்றொண்டர், சுந்தரரின் பெயர். அந்த விதிப்படி வன்றட்டு என்றுதான் எழுத வேண்டும். மின்தடையை மின்றடை என்று எழுதத் தயாராக இருப்பவர்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இந்த ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் வேலை செய்கிறது. உண்பது தட்டில். வடை தட்டுகிறோம், கதவைத் தட்டுகிறோம், தட்டச்சு செய்கிறோம். பொன்னைத் தட்டுகிறவர் தட்டார். எண்ணெயில் பொரித்து எடுத்தால் தட்டை. பெட்டிக்குள் இருந்ததும் தட்டுதான். அது தட்டிக்கொண்டும் இருந்தது.

1992இல் நான் வேலை செய்த அச்சகத்தில் 40 மெகாபைட் வன்தட்டு உள்ள கணினி ஒன்று இருந்தது. சுவிட்சைப் போட்டதும் ஊய்ங் என்று சுருதி ஏறி, சில விநாடிகளில் தம்பூராவைப் போல ஒரே இடத்தில் நிற்கும். நிமிடத்துக்கு 3,600 சுற்று என்றால் விநாடிக்கு 60, அதுதான் அடிச்சுருதி. பின்னாளில் 7,200 சுற்று வட்டுகள் வந்தபோது சுருதி சரியாக ஒரு ஸ்தாயி மேலே போனது.

சுருதிக்கு மேல் தாளம். கல்யாணப் பத்திரிகையைச் சேமிக்கச் சொன்னால், கறுக், முறுக், ட்ர்ர்ர், கறுக். பக்கத்தில் யாரோ தட்டை கடிப்பதைப் போல இருக்கும். படிக்கும் தலைகளைத் தாங்கிய கை, ஸ்டெப்பர் மோட்டாரின் உந்துதலில் படிப்படியாகத் தாவும். ஒவ்வொரு தாவலும் சட்டென்று நிற்கும்போது இரும்புப் பெட்டி முழுவதும் அதிரும். பிறகு அந்த மோட்டாரின் இடத்துக்கு ‘வாய்ஸ் காயில்’ வந்தது. ஒலிபெருக்கியின் கூம்பை அசைக்கும் அதே வகைக் கம்பிச்சுருள், பெயரிலேயே குரலோடு.

முதலாளி அடுத்த அறையிலிருந்து கேட்பார், “என்ன தம்பி, இன்னும் மென்றுகொண்டிருக்கிறதா?” மெல்லும் சத்தம் நின்றால் கோப்பு பத்திரம். நிற்பதற்குள் மின்தடை வந்தால் மணமகள் பெயரிலிருந்து மறுபடி அடிக்க வேண்டும். மாலையில் ‘பார்க்’ கட்டளை கொடுத்து, தலைகள் ஓரத்துக்குப் போய் ஒதுங்கும் ‘டொக்’ கேட்ட பிறகுதான் அணைப்போம். கொடுக்காமல் அணைத்தால் தலை இருந்த இடத்திலேயே இறங்கும்; அது எழுத்துகளின் மேலாகவும் இருக்கலாம்.

இந்தத் தட்டலுக்கு இன்னொரு முகமும் உண்டு. சில வருடங்களுக்குப் பிறகு, தை முகூர்த்த நெருக்கத்தில் ஒரு காலை, அடுத்து வாங்கிய கணினியிலிருந்து டக்... டக்... டக் என்று சீரான இடைவெளியில் கேட்டது. தட்டின் மீதுள்ள வழிகாட்டிக் குறிகளைத் தலை தேடுகிறது, கிடைக்கவில்லை, கை பின்வாங்கி முட்டுக்கட்டையில் இடிக்கிறது, மறுபடி தேடுகிறது. தட்டு தட்டுகிறது, திறக்க ஆளில்லை. பதினொரு கல்யாணப் பத்திரிகைகளும் மூன்று கருமாதிப் பத்திரிகைகளும் அதோடு போயின.

2000க்குப் பிறகு குண்டு பேரிங்கின் இடத்தைத் திரவ பேரிங் பிடித்தபோதே சுருதி அடங்கத் தொடங்கிவிட்டது. இன்று பழைய கணினிப் பிரியர்கள், வட்டே இல்லாத கணினியில் சின்ன மின்சுற்று ஒன்றைப் பொருத்தி, வட்டு விளக்கு மின்னும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒலிக்கச் செய்கிறார்கள். போலந்தின் பாவெல் ஸாத்ரோஜ்னியாக் 2022இல் 512 ஃப்ளாப்பி டிரைவ்கள், 16 வன்தட்டுகள், 4 ஸ்கேனர்கள் கொண்டு ஒரு வாத்தியக் குழுவே அமைத்தார். அதில் வன்தட்டுகளுக்குத் தாள வாத்தியப் பொறுப்பு. சரியான இடத்தில்தான் உட்கார வைத்திருக்கிறார்.

இன்று வன்தட்டின் இடத்தில் வரும், சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு வட்டும் இல்லை, தட்டும் இல்லை. ஆனாலும் கடையில் அதையும் ஹார்ட் டிஸ்க் என்றே கேட்கிறோம். திண்மநிலை இயக்ககம் என்ற தமிழ்ப் பெயரில் ‘நிலை’ பொருத்தமாகவே இருக்கிறது, இங்கே எதுவும் அசைவதில்லை. அதை மாட்டிய முதல் நாள், காது கொடுத்துக் காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒரே கோப்பை மூன்று முறை சேமித்துவிட்டு எழுந்தேன்.