‘நேற்றே அனுப்பியிருக்கிறேன்’: ஆங்கிலம் ஏன் மறுக்கிறது?

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் இளைஞர் ஒருவர், மாலை வேளைகளில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறார். வெளிமாநில வியாபாரி ஒருவருக்குத் தாம் எழுதிய மின்னஞ்சலை ஒருநாள் காட்டினார். முதல் வரி இப்படித் தொடங்கியது: ‘ஐ ஹாவ் சென்ட் தி பில் எஸ்டர்டே.’

வாங்குபவருக்கு இது புரியும். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரின் காதில் இந்த வரி இடறும். எங்கே இடறுகிறது என்று இளைஞர் கேட்டார். ‘எஸ்டர்டே வந்தால் ஹாவ் வரக்கூடாது’ என்று பள்ளிக்கூட விதியை ஒப்பித்து அவரை அனுப்பியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. அவர் கவனக்குறைவாக எழுதவில்லை. ‘நேற்றே பில் அனுப்பியிருக்கிறேன்’ என்பது குறையற்ற தமிழ். அந்தத் தமிழின் இலக்கணத்தைச் சிந்தாமல் சிதறாமல் ஆங்கிலப் பாத்திரத்தில் ஊற்றியிருக்கிறார். பாத்திரத்தின் வடிவம்தான் வேறு.

பிரசன்ட் பர்ஃபெக்ட் என்று பாடநூல்கள் சொல்லும் அமைப்பு இது. காலம் மூன்று என்று தொல்காப்பியம் வகுத்தது. பள்ளியில் நாம் படித்ததும் அதுதான். ஆனால் இந்த ஆங்கில அமைப்பை இறந்தகாலம் என்பதா, நிகழ்காலம் என்பதா? ஹான்ஸ் ரைகன்பாக் என்ற தத்துவ அறிஞர் 1947இல் வெளியான தம் தருக்க நூலில் இதற்கு அழகான வழி ஒன்று காட்டினார். செயல் நடந்த நேரம் ஒன்று, அதைப் பற்றிப் பேசும் நேரம் ஒன்று. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. அவர் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்: எந்த நேரத்தில் நின்றுகொண்டு அந்தச் செயலைப் பார்க்கிறோம் என்பது.

‘ஐ சென்ட்’ என்பவர் நேற்றைக்கே போய் நின்று பார்க்கிறார். ‘ஐ ஹாவ் சென்ட்’ என்பவர் இன்றைக்குள் நின்றபடி திரும்பிப் பார்க்கிறார். பில் ஒன்றுதான், அனுப்பியதும் ஒரே முறைதான். நிற்கும் இடம் மட்டும் மாறுகிறது. ‘எஸ்டர்டே’ என்ற சொல் பேசுபவரை நேற்றைக்கு இழுக்கிறது, ‘ஹாவ்’ இன்றைக்குள் பிடித்து நிறுத்துகிறது. இடறல் அந்த இழுபறியில்தான்.

இன்னும் நுட்பமான ஓர் இடம் உண்டு. காலை பதினொரு மணிக்கு ஒருவர் ‘ஐ ஹாவ் ஹாட் டூ காஃபீஸ் திஸ் மார்னிங்’ என்று சொல்லலாம். காலைப்பொழுது இன்னும் முடியவில்லை. மாலை நான்கு மணிக்கு அதே மனிதர், அதே இரண்டு காபியைப் பற்றி ‘ஐ ஹாட்’ என்றுதான் பொதுவாகச் சொல்வார். காபி மாறவில்லை, காலை மூடிக்கொண்டது. இந்த அமைப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது: சொல்லப்படும் காலப்பகுதி, பேசும் நொடிவரை திறந்திருக்க வேண்டும்.

எல்லா மொழிகளும் இவ்வளவு கறார் காட்டுவதில்லை. ஆங்கிலத்தின் நெருங்கிய உறவான ஜெர்மனில் ‘நேற்று’ என்ற சொல்லை இதே அமைப்போடு தாராளமாகச் சேர்க்கிறார்கள், பிரெஞ்சிலும் அப்படியே. ஆங்கிலம் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதை ஒரு புதிராகவே எடுத்துக்கொண்டு, வொல்ஃப்காங் க்ளைன் என்ற ஜெர்மானிய மொழியியலாளர் 1992இல் ஒரு கட்டுரை எழுதினார். கீழமாசி வீதி இளைஞரின் சந்தேகம் அறிஞர்களின் சந்தேகமும்தான் என்று அவரிடம் சொன்னபோது முகம் மலர்ந்தது.

சரி, தமிழ் எப்படி ‘நேற்று’ என்பதை ஏற்கிறது? காந்தியை வைத்துப் பார்ப்போம். 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டில்தான் அவர் அரையாடைக்கு மாறினார். 1946இல் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் சென்றார். ஆகவே ‘காந்தி மதுரைக்கு வந்திருக்கிறார்’ என்று நாம் தயங்காமல் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘காந்தி ஹாஸ் விசிட்டட் மதுரை’ என்றால், அவர் இன்னும் உயிரோடு இருப்பதுபோல ஒலிக்கும். ஆனால் ‘மதுரை ஹாஸ் பீன் விசிட்டட் பை காந்தி’ என்று திருப்பிப் போட்டால் உறுத்தல் பெரிதும் குறைந்துவிடுகிறது, ஏனென்றால் மதுரை இருக்கிறது. மொழியியலாளர்கள் இதே விளையாட்டை ஐன்ஸ்டீனையும் அவர் வாழ்ந்த அமெரிக்க ஊரான பிரின்ஸ்டனையும் வைத்து ஆடுவது வழக்கம். எனக்கு மேலமாசி வீதி பக்கத்தில் இருக்கிறது.

தமிழ் இங்கே வேறொன்றைக் கேட்கிறது: தடயம் இருக்கிறதா? காலையில் எழுந்து கதவைத் திறக்கிறோம். வாசல் நனைந்திருக்கிறது, வேப்பிலைகள் சேற்றில் ஒட்டிக் கிடக்கின்றன. ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். விழித்திருந்து பார்த்தவர் ‘ராத்திரி மழை பெய்தது’ என்பார். இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு காலத்தில் இல்லை. அறிந்த வழியில் இருக்கிறது. ‘இரு’ என்ற துணைவினை, செயல் போன பின்னும் அதன் அடையாளம் இருக்கிறது என்று சொல்கிறது. மனிதர் போய்விட்டார், அவர் வந்ததன் அடையாளம் மேலமாசி வீதியில் இருக்கிறது. ‘நேற்றே அனுப்பியிருக்கிறேன்’ என்ற இளைஞர் சொல்ல வந்ததும் இதுதான்: அஞ்சல் பெட்டியைத் திறந்து பாருங்கள், சான்று இருக்கிறது. எவ்வளவு பொறுப்பான வாக்கியம்!

தடயம் நேற்றையதாக இருக்கலாம், நூறாண்டு பழையதாகவும் இருக்கலாம். அதனால் தமிழுக்குத் தேதி தடையாவதில்லை.

ஒரே தமிழ் வடிவம் இரண்டு ஆங்கில வடிவங்களாகப் பிரியும் இடமும் உண்டு. ‘அப்பா இருக்கிறாரா?’ என்று கேட்டால் ‘திருமங்கலம் போயிருக்கிறார்’ என்கிறோம், இன்னும் திரும்பவில்லை. அங்கே ‘ஹாஸ் கான்’. ‘அப்பா கொடைக்கானல் போயிருக்கிறாரா?’ என்பது அனுபவத்தைக் கேட்கும் கேள்வி, போய்த் திரும்பியாயிற்று. அங்கே ‘ஹாஸ் பீன்’. நாம் சூழலை வைத்துப் பிரித்தறிவதை ஆங்கிலம் சொல்லை வைத்துப் பிரிக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு வழுக்கல் காத்திருக்கிறது. வைகை மேல் உள்ள ஏ.வி. பாலம் 1889 முதல் நிற்கிறது. தமிழில் வெறும் நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் ‘இட் ஸ்டாண்ட்ஸ் சின்ஸ் 1889’ என்றால் பிழை. ‘ஹாஸ் ஸ்டுட்’ என்றே சொல்ல வேண்டும். 1889இல் திறந்த காலப்பகுதி இன்றுவரை மூடவில்லையே! ‘ஐ ஆம் லிவிங் இன் மதுரை சின்ஸ் 2005’ என்று நம்மவர்கள் எழுதுவதும் இதனால்தான். ஆக, ஹாவ் கூடாத இடத்தில் தமிழ் அதைக் கொண்டுவரத் தூண்டுகிறது, வேண்டிய இடத்தில் மறக்கச் செய்கிறது.

இத்தனை வேறுபாட்டுக்கும் அடியில் ஒரு பழைய ஒற்றுமை இருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பழைய ஆங்கிலத்தில் இந்த ஹாவ், உடைமையைக் குறிக்கும் முழு வினை. ‘எழுதப்பட்ட நிலையில் கடிதத்தை வைத்திருக்கிறேன்’ என்ற பொருளில்தான் வாக்கியம் தொடங்கியது. ‘எழுதப்பட்ட’ என்ற சொல் கடிதத்துக்கு அடையாக நின்றது. பிறகு அந்தச் சொல் ஹாவ் பக்கம் நகர்ந்து ஒட்டிக்கொண்டது. ‘கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன்’ என்று நாம் இன்றும் சொல்கிறோம் அல்லவா? வருதல், போதல், எழுந்திருத்தல் போன்ற வினைகளுக்கோ அன்றைய ஆங்கிலம் ஹாவுக்குப் பதிலாக ‘இரு’ என்ற பொருள்தரும் துணையைச் சேர்த்தது. 1611இல் வெளியான ஆங்கில பைபிளில் இயேசு உயிர்த்தெழுந்ததை ‘ஹி இஸ் ரிசன்’ என்றே காண்கிறோம். எழுந்து இருக்கிறார். ஜெர்மன் இந்த வழக்கத்தை இன்றும் விடவில்லை.

செய்தித்தாள்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்கும்படி இளைஞரிடம் சொன்னேன். கீழடியில் புதிதாக ஒரு பொருள் கிடைத்தால் ஆங்கிலச் செய்தியின் முதல் வாக்கியம் பெரும்பாலும் ‘ஹாவ் ஃபவுண்ட்’ என்று இன்றைக்குள் நிற்கும். எந்த நாளில், எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில் என்று விவரிக்கத் தொடங்கியதும் ‘ஃபவுண்ட்’ என்று கடந்தகாலத்துக்குள் இறங்கிவிடும்.

அவர் பேனாவை எடுத்துத் தம் மின்னஞ்சலைத் திருத்தினார். ‘ஐ சென்ட் தி பில் எஸ்டர்டே.’ சற்று யோசித்துவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்தார்: ‘ஹாவ் யூ ரிசீவ்ட் இட்?’