ரிப்பேர்: பழுதா, பழுதுபார்ப்பதா?

சேலம் ஐந்து ரோட்டில் கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். "வண்டி ரிப்பேருங்க, வர லேட்டாகும்" என்று யாராவது போனில் சொல்லிக்கொண்டிருப்பார். எதிரே ஒரு கடைப் பலகையில் "டூ வீலர் ரிப்பேர்" என்று எழுதியிருக்கும். போனில் பேசியவர் வண்டி கெட்டுப்போனதைச் சொல்கிறார். பலகை, கெட்டதைச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறது. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் வைத்ததுபோல இரண்டுக்கும் ஒரே சொல்.

இந்தச் சொல் லத்தீனிலிருந்து கிளம்பியது. அங்கே 'பராரே' என்றால் ஆயத்தப்படுத்துதல். அதன் முன்னால் மீண்டும் என்று பொருள்படும் 'ரே' சேர்ந்து 'ரெபராரே' ஆயிற்று, அதாவது மறுபடி ஆயத்தமாக்குதல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வந்தது. பரீட்சைக்குப் பிள்ளைகள் 'பிரிப்பேர்' பண்ணுகிறார்களே, அதற்கும் இதே வேர்தான். ஆங்கிலத்தில் ரிப்பேர் என்றால் சரிசெய்வது. பழுது என்ற பொருள் நம்மிடம் வந்த பிறகு ஏறியது. "வண்டி ரிப்பேரில் இருக்கிறது" என்று சொல்லிச் சொல்லி, 'இல்' உருபும் 'இருக்கிறது' என்பதும் உதிர்ந்து "வண்டி ரிப்பேர்" ஆகியிருக்கும் என்பது என் ஊகம்.

தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் முன்பே இருக்கிறது. கெட்டது பழுது. அதைச் சரிசெய்வது பழுதுபார்த்தல்.

பழுது மிகப் பழைய சொல். திருக்குறளில் "பழுதெண்ணும் மந்திரி" வருகிறார். அரசனின் பக்கத்திலேயே இருந்துகொண்டு கேடு நினைக்கும் அமைச்சர். அங்கே பழுது என்றால் குற்றம், தீங்கு. பயனில்லாமல் போவதற்கும் பழுது என்று பெயர் உண்டு. வைக்கோலைத் திரித்த கயிற்றைப் பழுதை என்பார்கள். 'பாம்பென்று தாண்டவும் முடியாது, பழுதை என்று மிதிக்கவும் முடியாது' என்ற பழமொழியில் வருவது அதுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பின்பாதியில் இருக்கும் 'பார்த்தல்'. வைத்தியம் பார்க்கிறோம், பிரசவம் பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், வேலை பார்க்கிறோம். இங்கெல்லாம் பார்ப்பது என்றால் பக்கத்தில் போய், கைவைத்து, முடிகிற வரைக்கும் கூடவே இருப்பது. ஆனாலும் சொல்லுக்குள் கண் இருக்கத்தான் செய்கிறது. எங்கே கெட்டது என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் கை அடுத்து எங்கே போவது என்று தெரியும். வீட்டு வாசலில் வைத்து வண்டியைச் சரிசெய்வது இன்று ஏன் இவ்வளவு கஷ்டமாகிவிட்டது என்று யோசித்தால், அந்தப் 'பார்த்தல்' நம் கையைவிட்டுப் போனதுதான் காரணமாகத் தெரிகிறது.

அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு வேலை பார்த்தார். வீடு சேலம் அஸ்தம்பட்டியில். வாரத்தில் நாலைந்து நாள் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு ஸ்பிளெண்டரில் ஏறி இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு சாக்கை விரித்து உட்காருவார். பக்க மூடிக்குள் இருக்கும் பிளக் ஸ்பேனரை எடுத்து, இன்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கை இரண்டு திருகில் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பார். சூடு ஆறியிருக்கும். பெட்ரோல் வாசம் இருக்கும். "முனை பிஸ்கட் நிறத்துல இருந்தா இன்ஜின் நல்லா எரியுது. கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தா பத்தல" என்பார். மலைக்குப் போய் வந்த வாரமெல்லாம் கரிதான். சேலம் 300 மீட்டர் உயரம்கூட இல்லை, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்று மெலிவு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே கொடுத்த அதே அளவு பெட்ரோலை மேலேயும் கொடுக்கும். உப்புத்தாளில் நாலு தேய்ப்பு, இடைவெளியில் நகத்தை வைத்து ஒரு பார்வை, அவ்வளவுதான். எட்டு வயதில் எனக்கு அந்த முனையைப் படிக்கத் தெரியும்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதையொட்டி இருசக்கர வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து தெளிக்கும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. மூட்டை ஏற்றும் டிவிஎஸ் எக்ஸ்எல்கூட மாறிவிட்டது. இப்போது எவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானிப்பது ஈ.சி.யூ. என்ற சின்னக் கணினிப் பெட்டி. காற்றழுத்தம், இன்ஜின் சூடு, ஆக்ஸிலேட்டர் திறந்திருக்கும் அளவு, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார் சேதி அனுப்பும். மலை ஏறினால் காற்று மெலிந்ததை அது தானே அறிந்து பெட்ரோலைக் குறைத்துவிடும். புகை குறைந்தது, பிளக்கில் கரி குறைந்தது. இது நல்ல மாற்றம்தான், அதை மறுக்கவே மாட்டேன். ஏற்காட்டுக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் ஏதாவது கெட்டால்? பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் பல வண்டிகளில் பெட்ரோல் பம்பே ஓடாது, கிக்கரை எத்தனை உதை உதைத்தும் பயனில்லை. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் 2019 முதல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுப்பதற்குக்கூடச் சில வண்டிகளில் கம்பெனிக் கருவி வேண்டும். கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு செருகுவாய் இருக்கும். ஸ்கேனரை அதில் செருகினால் 'பி0301' என்று ஒரு குறி வரும். முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று அதற்கு அர்த்தம். ஏன் தவறுகிறது என்பதை அது சொல்லாது. பிளக்கா, அதற்கு மின்சாரம் தரும் காயிலா, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரா என்று அதற்கப்புறமும் ஒரு மனிதர்தான் பார்த்தாக வேண்டும். சில பாகங்களை நாமே வாங்கி மாட்டினாலும், கம்பெனி மென்பொருளில் பதிவு செய்யாமல் வேலை செய்யாது.

பழுதுபார்த்தல் தவிர வேறு சில சொற்களும் புழக்கத்தில் உண்டு. செப்பனிடுதலில் இருக்கும் செப்பம் செம்மையோடு சேர்ந்த சொல். நேராக, சமமாக இருப்பது. வள்ளுவர் "செப்பம் உடையவன்" என்பது நடுவுநிலை தவறாதவனை. அதனால்தான் சாலையைச் செப்பனிடுகிறோம் என்பது காதுக்கு ஒட்டுகிறது, வண்டியைச் செப்பனிடுகிறோம் என்பது ஒட்டவில்லை. பராமரிப்பு என்பது கெடுவதற்கு முன் செய்வது. ஆயில் மாற்றுவதும் செயினுக்கு எண்ணெய் விடுவதும் பராமரிப்பு. செய்தித்தாள்களில் இதையும் பழுதுபார்த்தலையும் அடிக்கடி கலந்துவிடுகிறார்கள்.

பழுதுபார்த்தல் என்றே பொருள் தரும் மராமத்து வேறு பாதையில் வந்தது. அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்குள் நுழைந்து, 'மராமத்து இலாகா' என்று சர்க்கார் சொல்லாகவே ஆயிற்று. ஆனால் அதோடு குடிமக்களைக் குறிக்கும் 'குடி'யைச் சேர்த்துக் 'குடிமராமத்து' என்று நம் ஊர் ஒரு சொல்லைச் செய்துகொண்டது. ஏரியையும் வாய்க்காலையும் அதில் பாயும் தண்ணீரைக் குடிக்கிற, விதைக்கிற ஊர்க்காரர்களே கூடித் தூர்வாரிக் கரை கட்டும் வழக்கம் அது. 1858-ல் சென்னை மாகாணத்தில் அதைக் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டார்கள். 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தபோது இந்தச் சொல் மறுபடி எல்லார் வாயிலும் வந்தது.

இதை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், உலகம் முழுக்க இப்போது 'ரைட் டு ரிப்பேர்' என்ற பேச்சு நடக்கிறது. வாங்கிய பொருளைத் தானோ, தனக்குப் பிடித்த மெக்கானிக்கோ சரிசெய்துகொள்ளும் உரிமை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்கள் வாக்களித்து, கார்களின் பழுதறியும் தகவலை வெளிக்கடைகளுக்கும் தரவேண்டும் என்று ஆக்கினார்கள். இந்தியாவில் 2022-ல் நுகர்வோர் விவகாரத் துறை இதற்காக ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனமும் ஒன்று. 'பழுதுபார்க்கும் உரிமை' என்று தமிழில் எழுதுகிறார்கள். சரியான மொழிபெயர்ப்புதான், தாராளமாக எழுதலாம். ஆனாலும் பயன்படுத்துகிறவனுக்கே சரிசெய்யும் பொறுப்பும் உண்டு என்ற எண்ணம் குடிமராமத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சொல்லை வண்டிக்கும் நீட்டிக்கொண்டால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றபடி என் யோசனை எளிது. வண்டி கெட்டால் "பழுது" என்றோ "கோளாறு" என்றோ சொல்லுங்கள். சரிசெய்வதைப் பழுதுபார்த்தல் என்று எழுதுங்கள். பலகை எழுதுகிறவர்கள் "வாகனம் பழுதுபார்க்குமிடம்" என்று எழுதலாம், 'பட்டறை' இன்னும் அழகு. ஸ்க்ரூ டிரைவருக்குத் திருப்புளி என்ற பெயர் இருக்கிறது, திருப்புகிற உளி. எங்கள் பக்கம் வயதானவர்கள் சிலர் இன்னும் அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

போன மார்கழியில் என் வண்டி ஏற்காட்டில் ஒரு காலை கிளம்ப மறுத்தது. மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. எப்படியோ உயிர் கொடுத்து, மலை இறங்கி, அடிவாரத்தில் எங்களுக்குப் பழக்கமான அண்ணனின் பட்டறையில் நிறுத்தினேன். அவரிடம் ஸ்கேனர் இல்லை. சாவியைத் திருகிவிட்டுக் கீழே குந்தி உட்கார்ந்தார். விளக்கு விட்டுவிட்டு மின்னியது. "எண்ணு கண்ணு. நீளமா மின்னினா பத்து, குட்டையா மின்னினா ஒண்ணு" என்றார். இரண்டு தரம் எண்ணினோம். குட்டையாக ஏழு.

"ஏழுன்னா இந்த வண்டிக்கு இன்ஜின் சூடு பார்க்கிற சென்சார். குளிரடிக்குதுன்னு அதுக்குத் தெரியல, அதான் காலையில பெட்ரோல் கூட்டி விடல."

பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். சென்சாருக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. செம்புக் கம்பி இரண்டு இழை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவர் டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு, ஒயரைச் சீவத் தொடங்கினார்.