கம்பைலர் கண்ணில் படாத ஐந்து கொடிகள்

முழு எண் ஒன்றைச் சுழியால் வகுத்தால் இன்டெல் வகைச் செயலிகளில் நிரல் அங்கேயே நின்றுவிடும். அதே கணக்கைத் தசம எண்ணில் செய்தால் முடிவிலி என்ற மதிப்பு விடையாக வரும். நிரல் எதுவும் நடக்காதது போல மேலே ஓடும். ஆனால் செயலிக்குள் எம்எக்ஸ்சிஎஸ்ஆர் என்ற ரெஜிஸ்டரில் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடத்தில்) ஒரு பிட் மட்டும் 0 இலிருந்து 1 ஆகியிருக்கும்.

1985 இல் வெளியான ஐஇஇஇ 754 தரநிலை வகுத்த ஏற்பாடு இது. அதை உருவாக்கியதில் முதன்மைப் பங்கு வில்லியம் கஹனுடையது. 1989 இன் டூரிங் விருதும் அவருக்கே. மிதவைப் புள்ளிக் கணக்கில், அதாவது கணினி செய்யும் தசம எண் கணக்கில், நேரக்கூடிய விதிவிலக்குகள் ஐந்து: பொருளற்ற கணக்கு, சுழியால் வகுத்தல், அளவு மீறுதல், அளவுக்குக் கீழே சிறுத்தல், துல்லியம் குறைதல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, அதாவது மேலே சொன்னது போன்ற ஒரு பிட்; அது 1 ஆனால் கொடி ஏறியது என்று பொருள். ஏறிய கொடி நாமாக இறக்கும்வரை இறங்காது. அதனால் பத்து லட்சம் கணக்குகளைத் தடையின்றி ஓடவிட்டு, கடைசியில் ஒரே முறை பார்த்தால் போதும். அழகான ஏற்பாடு என்றே சொல்வேன்.

சிக்கல், நாம் எழுதும் நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரில் இருக்கிறது. எண்களை வாங்கி ஒரு விடையைத் தருவது தவிர வகுத்தலுக்கு வேறு வேலை இல்லை என்பது கம்பைலர்களின் வழக்கமான அனுமானம். கொடிகளை இறக்கு, அ-வை ஆ-வால் வகு, கொடி ஏறியதா என்று பார் என்று மூன்று வரி எழுதுகிறீர்கள். இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் எந்தத் தொடர்பும் கம்பைலருக்குத் தெரிவதில்லை. விடை பின்னால்தான் தேவைப்படுகிறது என்றால், வகுத்தலைச் சோதனைக்குக் கீழே தள்ளிவிடலாம். விடை தேவையே இல்லை என்றால் அந்த வரியை அழித்தும்விடலாம்.

இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம். ‘ஆ சுழி இல்லையென்றால் மட்டும் வகு’ என்று கவனமாக எழுதியிருப்பீர்கள். வேகத்துக்காக நான்கு எண்களை ஒன்றாகக் கையாளும் கம்பைலர், நான்கையும் வகுத்துவிட்டுப் பிறகு வேண்டாதவற்றைத் தள்ளும். விடை சரியாகவே இருக்கும். ஏறக் கூடாத கொடி ஏறியிருக்கும். விதிவிலக்கு நேர்ந்தால் நிரலை நிறுத்து என்று செயலிக்குச் சொல்லி வைத்திருந்தால், பிழையே இல்லாத நிரல் செத்துப்போகும்.

எல்எல்விஎம் என்ற திறந்த மூலக் கம்பைலர் கட்டமைப்பில் இதற்கான வேலை 2017 இல் உள்ளே வந்தது. இருந்த கூட்டல், வகுத்தல் கட்டளைகளைத் தொடவில்லை. அவற்றுக்கு இணையாகப் புதிய உள்ளமை செயற்கூறுகளை, அதாவது கம்பைலருக்குள்ளேயே அமைந்த செயற்கூறுகளை, சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் விடையை முழுமையாக்கும் (அருகிலுள்ள எண்ணுக்குத் திருத்தும்) முறையையும் விதிவிலக்கை எவ்வளவு மதிக்க வேண்டும் என்பதையும் கூடவே சுமந்து செல்லும். நிரலை வேகப்படுத்தக் கம்பைலர் செய்யும் பழைய மேம்படுத்தும் படிகளுக்கு இந்தப் புதியவை இன்னவென்று தெரியாது. தெரியாததால் அவற்றை வகுத்தல் என்று எண்ணிச் சுருக்காது. பாதுகாப்பான படிகளுக்கு மட்டும் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தால் போதும். எதையும் மறக்க நேர்ந்தால் வேகம்தான் குறையும், விடை தவறாது. இந்த வேலையிலேயே மிகச் சிறந்த முடிவு இதுதான் என்பது என் கருத்து. ஒரு கட்டுப்பாடும் உண்டு: நாம் எழுதும் ஒரு செயற்கூறில் ஒரு கணக்கு இந்தப் புதிய வடிவில் இருந்தால், அதிலுள்ள எல்லா மிதவைப் புள்ளிக் கணக்குகளும் இப்படியே இருக்க வேண்டும். சாதாரண வகுத்தல் ஒன்று நடுவில் இருந்தால் அது நகர்ந்து வந்து கொடியை ஏற்றிவிடும்.

இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கட்டத்தில் நுணுக்கம் கூடுகிறது. தசம எண்ணைக் குறியில்லாத 64 பிட் முழு எண்ணாக மாற்ற, பழைய இன்டெல் வகைச் செயலிகளில் நேரடிக் கட்டளை கிடையாது. குறியுள்ள எண்ணாக மாற்றும் கட்டளைதான் உண்டு. அது 2 இன் 63 ஆம் அடுக்குக்குக் கீழேதான் செல்லும். எனவே எண்ணை அப்படியே ஒருமுறை மாற்று, 2 இன் 63 ஆம் அடுக்கைக் கழித்துவிட்டு இன்னொருமுறை மாற்று, பொருந்துவதை எடுத்துக்கொள் என்பது வழக்கமான உத்தி. எண் பெரிதாக இருந்தால் முதல் மாற்றம் ‘பொருளற்ற கணக்கு’ கொடியை வீணாக ஏற்றிவிடும். கொடிகளும் சரியாக இருக்க வேண்டும் என்ற கண்டிப்பான முறையில் வரிசையைத் திருப்பினார்கள்: முதலில் ஒப்பிட்டு, கழிக்க வேண்டியது சுழியா பெரிய எண்ணா என்று தேர்ந்துகொண்டு, கழித்த பிறகு ஒரே ஒருமுறை மாற்றுவது. அந்த வரம்பில் கழித்தல் துல்லியமாகவே அமைவதால் வேறு கொடியும் ஏறாது.

ஒப்பீட்டுக்கும் இரண்டு வடிவங்கள் தேவைப்பட்டன. எண் அல்லாத மதிப்பு ஒன்று வந்தால், ‘சிறியதா’ என்ற கேள்வி கொடியை ஏற்ற வேண்டும். ‘சமமா’ என்ற கேள்வி பொதுவாக ஏற்றக் கூடாது.

எல்எல்விஎம்மின் மேல் அமைந்த சி, சி++ கம்பைலரான கிளாங்கின் 2020 இல் வந்த 10 ஆம் பதிப்பு இவற்றைப் பயனர் தேர்வாகத் தந்தது. விதிவிலக்குகளைக் கண்டுகொள்ளாமல் விடுவது ஒரு நிலை. இல்லாத விதிவிலக்கைப் புதிதாக உண்டாக்காமல் இருந்தால் போதும் என்பது இடைப்பட்ட நிலை. எழுதியபடியே ஒவ்வொரு கொடியும் ஏற வேண்டும் என்பது கண்டிப்பான நிலை. அதில் பல மேம்பாடுகள் கைவிட்டுப் போவதால் நிரல் மெதுவாகலாம். எதுவும் சொல்லாவிட்டால் கிளாங் முதல் நிலையையே எடுத்துக்கொள்ளும். கொடிகளைப் படித்து முடிவெடுக்கும் நிரலை எழுதுபவர் கண்டிப்பான நிலையைத் தாமே கேட்டுப் பெற வேண்டும்.