பிள்ளைப்பேறோடு போய்விடாத பிரஷர்

வன்னியில் மருத்துவ கிளினிக்குக்கு நாற்பது வயதை ஒட்டிய பெண்கள் வந்தால் நான் தவறாமல் கேட்பது: "பிள்ளை வயிற்றில இருக்கேக்க பிரஷர், சீனி ஏதும் இருந்ததா அம்மா?" அநேகமாக வரும் பதில்: "ஓம் டொக்டர், பிறந்த கையோட சரியாப் போட்டுது."

சரியாகிவிட்டது உண்மைதான். அதோடு அவரும் மறந்துவிடுகிறார், நாங்களும் மறந்துவிடுகிறோம்.

கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90க்கு ஏறி, சிறுநீரில் புரதமும் போனால் அது பிரீஎக்லாம்சியா. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் பிரஷர் இறங்கிவிடும். ஆனால் அப்படி வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கர்ப்பகாலச் சலரோகம் (சீனி) வந்தவருக்கு நிரந்தரச் சலரோகம் வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல். 37 வாரத்துக்கு முன் பிள்ளை பிறந்திருந்தாலும் கவனம் வேண்டும். கர்ப்பம்தான் இரத்தக் குழாய்களைக் கெடுத்ததா, முன்பே இருந்த பலவீனத்தை வெளியே காட்டியதா என்ற விவாதம் ஓயவில்லை. எதுவானாலும் செய்யவேண்டியது ஒன்றுதான்: பிறகும் தொடர்ந்து பரிசோதிப்பது.

எங்கள் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. 2008, 2009இல் போரால் இடம்பெயர்ந்த நிலையில் பிள்ளை பெற்றவர்கள் பலரிடம் அன்றைய கர்ப்பிணி அட்டை இல்லை. பிரஷர் எவ்வளவு என்று அப்போது யார் சொன்னார்கள்? அதனால் கேள்வியை மாற்றிக் கேட்பேன். முகமும் கையும் வீங்கினதா, வலிப்பு வந்ததா, திகதிக்கு முன்பே பிறந்ததா, பிள்ளை நிறை குறைவா? இலக்கங்களை மறந்தவர்களும் இவற்றை மறப்பதில்லை.

குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் தங்களுக்காகக் கிளினிக் வருவது அரிது. ஒரு நாள் கூலி போய்விடும், நியாயமான கவலை. கச்சான் பிடுங்கும்போது மூச்சு வாங்கினால், தாடையோ முதுகோ நொந்தால், காஸ்ட்ரைட்டிஸ் என்று பார்மசியில் குளிசை வாங்கிப் போட்டுவிட்டு இருப்பார்கள். அது இதயமாகவும் இருக்கலாம். இந்த அறிகுறிகள் புதிதாக வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்கவேண்டும்.

கர்ப்பத்தில் சீனி இருந்தவர் பிள்ளை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் இரத்தப் பரிசோதனை செய்து, பிறகும் குறைந்தது மூன்று வருடத்துக்கு ஒருமுறை சீனி பார்க்கவேண்டும். பிரஷர் இருந்தவர் வருடத்துக்கு ஒருமுறையாவது அளக்கவேண்டும், கொழுப்பும் பார்ப்பது நல்லது. சுகவனிதையர் கிளினிக்கில் (பெண்களை நோய் வரமுன் பரிசோதிக்கும் அரச கிளினிக்) 35 வயதில் இலவசமாகப் பார்ப்பார்கள். ஆனால் இந்தக் கதை உள்ளவர் 35 வரை காத்திருக்கவேண்டாம்.

இன்னொரு பிள்ளைக்கு யோசிக்கிறவர்கள் பிரஷர் குளிசை எடுத்தால் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லுங்கள், சில குளிசைகள் கர்ப்பத்துக்கு ஆகாது. முன்பு பிரீஎக்லாம்சியா இருந்ததென்றால் பதியும் முதல் நாளே மிட்வைஃபிடமும் சொல்லுங்கள். 12 வாரத்திலிருந்து குறைந்த அளவு அஸ்பிரின் தரலாமா என்று டொக்டர் முடிவெடுக்க அது உதவும்.