டேப்லெட்டில் கையெழுத்துப் போடும் முன்

மூட்டுவலிக்கு வந்த ஒரு பாட்டி. கையில் டேப்லெட். "கீழே தள்ளுங்க பாட்டி, இன்னும் கீழே" என்று பக்கத்தில் நின்ற பெண் அவசரப்படுத்த, அத்தனை பக்கமும் ஒரு நிமிடத்தில் ஓடிவிட்டது. கடைசியில் விரலால் ஒரு கோடு. பாட்டி கண்ணாடியை எடுக்கவே இல்லை. அது மருந்துப் பரிசோதனைக்கான ஒப்புதல்.

டேப்லெட்டில் ஒப்புதல் வாங்கலாம் என்று ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. ஒலி, படம், வீடியோ வைத்து விளக்கலாம். அதற்கு எத்திக்ஸ் கமிட்டி, அதாவது ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் குழு, முன்பே அனுமதி தந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஏற்ற மாதிரி விளக்கத்தான் இந்த வசதி. நடப்பது வேறு. தமிழ் பட்டனை அழுத்தினால் "பாதகமான நிகழ்வுகள்" என்று வருகிறது. மருந்து சாப்பிடும்போது உடம்புக்கு வரும் கெடுதல்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். புரியும் மொழியில் சொல்லவேண்டியது அவர்கள் கடமை. புரியவில்லையென்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். "நான் சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன், எனக்கு என்ன ஆகும்?" என்று டாக்டரையே கேளுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி, முழு விளக்கம் முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். கையெழுத்துக்கு மட்டும் யாரையாவது கூப்பிட்டு வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இதுவரை பயன்பாட்டுக்கு வராத புது மூலக்கூறு மருந்தென்றால், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் (தங்கள் நலனைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவர்களிடம்) ஒப்புதல் வாங்குவதை வீடியோ எடுப்பது மருந்துப் பரிசோதனைக்கான மத்திய அரசின் 2019 விதிகளின்படி கட்டாயம். "சம்மதமா?" "சம்மதம்" மட்டும் பதிவானால் போதாது. விளக்கியதும், உங்களுக்குப் புரிந்ததும் அதில் இருக்க வேண்டும்.

அப்புறம் நகல். இங்கேதான் அலைய விடுவார்கள். "சிஸ்டத்தில் இருக்கு", "மேடம் லீவு", "மகன் நம்பருக்கு அனுப்பிட்டோம்". மகன் திருப்பூரில் இருப்பார், அந்த மெசேஜைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். தகவல் தாளும் கையெழுத்தான படிவமும் உங்கள் கையில் தரவேண்டும் என்பது விதி. பிரிண்ட் கேளுங்கள், வாங்காமல் கிளம்பாதீர்கள். பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. அதைக் கேட்டுப் போகும்போது இந்தத் தாள்தான் துணை.

ரத்தத்தை எதிர்கால ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கட்டம் இருக்கும். முன்பே டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வேண்டாமென்றால் அந்த டிக்கை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

"சேரலைன்னா இங்கே பார்க்க மாட்டோம்" என்று யாராவது சொன்னால் அது பொய். மறுத்தாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. படிவத்தில் எத்திக்ஸ் கமிட்டியைத் தொடர்புகொள்ளும் விவரம் இருக்கும். டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தை உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.