ஈறுக்குள் எத்தனை மில்லிமீட்டர்?

"த்ரீ, டூ, த்ரீ… ஃபோர், த்ரீ, ஃபைவ்." வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு பல் மருத்துவர் அம்மாவின் ஈறோரம் மெல்லிய கம்பி ஒன்றை விட்டு விட்டு எடுத்தபடி சொல்ல, பக்கத்தில் நின்ற பெண் எழுதிக்கொண்டே வந்தார். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்று போயிருந்தோம். வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "அது என்னடா, ஏலம் விடுற மாதிரி நம்பர் சொன்னாங்க?"

நல்ல கேள்வி. அந்த எண்கள் புரிந்துவிட்டால், வீட்டில் நம் கையால் எவ்வளவு முடியும், எங்கே மருத்துவர் கை தேவை என்பது தெரிந்துவிடும்.

வேலூர்க் கோட்டையைச் சுற்றி இருக்கும் அகழியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் அப்படி ஒரு குட்டி அகழி உண்டு. ஈறு தன் விளிம்பிலேயே பல்லோடு ஒட்டிக்கொள்வதில்லை, கொஞ்சம் உள்ளே போய்த்தான் ஒட்டுகிறது. அந்த இடைப்பட்ட பள்ளம் ஆரோக்கியமான வாயில் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். கோட்டைக்கு அகழி ஆழமாக இருந்தால் நல்லது. பல்லுக்கு அது நேர்மாறு.

மருத்துவர் கையில் இருந்த கம்பிக்கு ப்ரோப் என்று பெயர். முனை மழுங்கியது, மேலே மில்லிமீட்டர் கோடுகள் இருக்கும். ஒரு பல்லுக்குக் கன்னத்துப் பக்கம் மூன்று, நாக்குப் பக்கம் மூன்று என்று ஆறு இடங்களில் அளப்பார்கள். 4 வந்தால் கவனிக்க வேண்டிய இடம். 5, 6 என்றால் நோய் உள்ளே இறங்கிவிட்டது. 7-க்கு மேல் போனால் பல்லைத் தாங்கும் எலும்பு நிறையவே கரைந்திருக்க வாய்ப்புண்டு. கம்பி பட்ட இடத்தில் ரத்தம் கசிந்ததா என்பதையும் குறித்துக்கொள்வார்கள். ஆழத்தைப் போலவே அதுவும் முக்கியம். ரத்தம் வரும் 3, ரத்தம் வராத 4 என்று இரண்டு இடங்கள் இருந்தால், இப்போதைக்குப் புண்ணாகி இருப்பது முதல் இடம்தான்.

எண்ணை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். ஈறு வீங்கி மேலே ஏறியிருந்தால், எலும்பு நன்றாக இருந்தும் ஆழம் கூடுதலாகத் தெரியும். ஈறு இறங்கி வேர் 4 மில்லிமீட்டர் வெளியே தெரியும் பல்லில் பள்ளம் 3 என்று வந்தால், கேட்க நிம்மதியாக இருக்கும். உண்மையில் அந்தப் பல் இழந்த பிடிப்பு இரண்டையும் கூட்டினால் வரும் 7.

பள்ளம் ஏன் ஆழமாகிறது? பல்லின் மேல் கிருமிகளின் வழவழப்பான படலம் ஒன்று ஓயாமல் படிந்துகொண்டே இருக்கிறது. தேய்த்து எடுக்காவிட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து, சில நாட்களிலேயே அது காரையாக இறுகத் தொடங்கும். காரையின் சொரசொரப்பில் இன்னும் படலம் சேரும். கிருமிகளை எதிர்த்து உடல் நடத்தும் சண்டையில் ஈறின் பிடிப்பும் எலும்பும் சேர்ந்தே கரைகின்றன. பள்ளம் ஆழமாக ஆக உள்ளே காற்று குறையும். காற்றில்லாத இடத்தையே விரும்பும் கிருமிகளுக்கு அது சொந்த வீடு மாதிரி ஆகிவிடும்.

வீட்டில் நாம் பிரஷ்ஷாலும் பல்லிடுக்கு நூலாலும் செய்யும் சுத்தம், ஈறுக்குள் அதிகம் போனால் 2, 3 மில்லிமீட்டர்தான் எட்டும். 3 என்ற எண்ணுக்கு உள்ள மதிப்பு இதனால்தான். அதுவரை உங்கள் கை போதும். 5 மில்லிமீட்டர் பள்ளத்தின் அடியை எந்தப் பேஸ்ட்டும் எந்தக் கிராம்புத் தைலமும் சுத்தம் செய்யாது. அங்கே காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்கும், வேரை வழித்துச் சுத்தம் செய்வதும் வேண்டும்.

அதைச் சொன்னதும் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில், "க்ளீன் பண்ணினா பல்லு ஆடும், சந்து விழும்" என்றார்கள். இந்தப் பயம் எத்தனை பேரைப் பல்லை இழக்க வைத்திருக்கிறது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. சந்து ஏற்கெனவே விழுந்துவிட்டது. காரை அதைச் சிமென்ட் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது, வீங்கிய ஈறு மூடிக்கொண்டிருந்தது. காரை போய் வீக்கமும் வடிந்தால் இருந்த சந்து கண்ணுக்குத் தெரிகிறது. ஆட்டமும் எலும்பு கரைந்ததால் வந்தது, சுத்தம் செய்ததால் அல்ல. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. ஆனால் வீக்கம் அடங்கி ஈறு மறுபடி பல்லோடு நெருங்கினால் 5 இருந்த இடம் 3, 4 ஆகக் குறையும்.

ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விடுவது நாம் செய்யும் அடுத்த தவறு. அம்மாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் அவருடைய சகாக்களும் ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆகவே ரத்தம் வரும் இடத்தில்தான், மென்மையாக, ஒழுங்காகத் தேய்க்க வேண்டும். பல நாள் அப்படித் தேய்த்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் உள்ளே காரை இருக்க வாய்ப்புண்டு.

சரி, எப்படித் தேய்ப்பது? மென்மையான நார் உள்ள பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வைத்து, இருந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். இரண்டு நிமிடம், இரண்டு வேளை. இரவு வேளையைத் தவறவே விடாதீர்கள். பிரஷ் பல்லிடுக்கில் போகாது. ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டால் கறி நார் எங்கே மாட்டுகிறதோ, ஈறு நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. இடுக்கு நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ் நூல், அகலமாக இருந்தால் இன்டர்டென்டல் பிரஷ் என்னும் குட்டி பிரஷ். குண்டூசியும் தீக்குச்சியும் வேண்டாம்.

வேலமரம் நிறைந்த ஊர் என்பதால் வேலூர் என்று பெயர் வந்ததாகச் சொல்வதுண்டு. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்ற பழமொழியை நானும் மதிக்கிறேன். நன்றாக மென்ற குச்சி பல்லின் முகத்தை நன்றாகவே துடைக்கும், இடுக்குக்குள்தான் போகாது. செங்கல் தூளும் அடுப்புக்கரியும் வேறு கதை. அவை பல்லையே தேய்த்துவிடும், ஈறையும் கிழிக்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வீங்கிய ஈறுக்கு இதமாக இருக்கும், ஆனால் படலத்தை எடுக்காது. குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். நீடித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு சீக்கிரம் கெடும், கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுக்குள் வர விடாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. புகை ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் அதிகம் வராது. குடியாத்தத்தில் பீடி பிடிக்கும் என் மாமா "எனக்கு ரத்தமே வராதே" என்று சொன்னபோது, முதலில் அளக்க வேண்டியது அவருக்குத்தான் என்று தோன்றியது.

ஸ்கேலிங் முடிந்துவிட்டது. ஈறு ஆற சில வாரங்கள் வேண்டும் என்பதால், அடுத்த மாதம் மறுபடி அளக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். கீழ் வலது கடைவாய்ப் பல்லில் ஓர் இடத்தில் 5 என்பதை அம்மா மனப்பாடமாக வைத்திருக்கிறார். தினமும் ராத்திரி குட்டி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு முதலில் அங்கேதான் போகிறார்.