விடைத்தாளுக்குள் வந்த நந்தினி

உயர்தர வகுப்புத் தவணைப் பரீட்சை. சோழர் இலங்கைமேல் படையெடுத்த காரணங்களை எழுதச் சொல்லியிருந்தேன். எழுதியவள் கெட்டிக்காரப் பிள்ளை, கையெழுத்தும் முத்துப்போல இருக்கும். பாண்டியன் ஈழத்தில் விட்டுப்போன மணிமுடி, கடல் வணிகம் என்று ஒழுங்காகக் கொண்டுபோனவள், மூன்றாம் பக்கத்தில் 'பழுவூர் இளையராணி நந்தினியின் சூழ்ச்சியால்' என்று ஒரு பந்தியைத் தொடங்கிவிட்டாள்.

சிவப்புப் பேனையை மூடிவைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மட்டக்களப்பில் பத்தொன்பது வருடமாக வரலாறு படிப்பிக்கிறேன். நந்தினி கல்கியின் நாவலில் வருகிற பாத்திரம். அந்தப் 'பொன்னியின் செல்வன்' விடைத்தாளுக்குள் நுழைவது இது முதல் தடவை இல்லை. 2022இலும் 2023இலும் படம் இரண்டு பாகமாக வந்த பிறகு இன்னும் கூடிவிட்டது. பெற்றோரும் "ரீச்சர், அந்த ஐந்து பாகத்தையும் வாசித்தால் சோழர் வரலாறு முழுக்க வந்துவிடும்தானே?" என்று கேட்கிறார்கள். வாசிக்க வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பதினைந்து வயதில் வீட்டு முற்றத்து மாமரத்தடியில் இருந்து வாசித்து, நந்தினிக்காக அழுதவள் நான். ஆனால் ஒரு சாகசக் கதை எந்தெந்த உத்திகளால் நம்மை நம்பவைக்கிறது என்று தெரிந்து வாசிப்பது ஒன்று, தெரியாமல் வாசிப்பது இன்னொன்று.

கல்கி இதை 1950 முதல் 1954 வரை, ஏறக்குறைய மூன்றரை வருடம், தம்முடைய வார இதழில் தொடராக எழுதினார். பாதி உத்திகளுக்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. வாரம் ஒருமுறை வருகிற கதை என்றால், அடுத்த வாரமும் வாசகர் கடைக்குப் போய் இதழை வாங்க வேண்டும். அதனால்தான் அத்தியாயம் முடியும்போது விளக்கு அணையும், யாரோ தோளில் கை வைப்பார்கள், ஆந்தை கத்தும். அந்த ஆந்தை சதிகாரன் ரவிதாஸன் என்று பிறகு தெரியவரும். இன்று ஒரே மூச்சில் வாசிக்கிற பிள்ளைக்கு இந்த இடைவெளி கிடைப்பதில்லை. ஒரு வாரம் சந்தேகப்பட வேண்டியதை அடுத்த பக்கத்திலேயே நம்பிவிடுகிறாள்.

வகுப்பில் இதை விளங்கப்படுத்த எனக்கு எப்போதும் கைகொடுப்பது நம்முடைய கூத்துத்தான். வடமோடியோ தென்மோடியோ, களரிக்கு முதலில் கட்டியக்காரன் வருவான். ராசா வருகிறார், வழி விடுங்கள் என்று சபையைப் பார்த்துச் சொல்வான். அவன் கதைக்குள்ளேயும் நிற்பான், நமக்குப் பக்கத்திலேயும் நிற்பான். கல்கி தம்முடைய நாவலில் செய்வதும் இதே வேலைதான். நேயர்களே என்று கூப்பிடுகிறார், கதையை நிறுத்திவிட்டு ஐம்பது வருடம் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ப் பராந்தகன் காலத்துச் சங்கதி சொல்கிறார், திரும்பக் கொண்டுவந்து குதிரையில் ஏற்றிவிடுகிறார். பாத்திரங்களின் வருகையும் அப்படித்தான். ஆழ்வார்க்கடியான் முதலில் வருவதே முன்குடுமியும் கையில் தடியும் வாயில் சண்டையுமாக. கூத்தில் வரவு ஆட்டத்தைப் பார்த்தே இவன் இன்ன ஆள் என்று சபை சொல்லிவிடுவது போல.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. கூத்தில் கட்டியக்காரனை யாரும் வரலாற்று ஆசிரியன் என்று எடுத்துக்கொள்வதில்லை. விடியவிடிய மத்தளம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம், அவ்வளவுதான். கல்கியின் கட்டியக்காரனோ கல்வெட்டும் செப்பேடும் காட்டிப் பேசுகிறான். அங்கேதான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள்.

ரவிதாஸனையே எடுங்கள். காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இராசராசனின் இரண்டாவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலிய உடன்பிறந்தாரைச் சொல்லி, அவர்கள் கூட்டத்தாரின் நிலங்களை விற்பது பற்றிப் பேசுகிறது. ரவிதாசனுக்கும் பரமேசுவரனுக்கும் பிரம்மாதிராஜன் என்று முடிகிற பட்டங்கள் உண்டு, அரசிடம் பட்டம் பெற்ற பிராமண அதிகாரிகள். எப்படிக் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்று கல் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குள் கல்கி நுழைந்து, ரவிதாசனை மந்திரவாதி ஆக்கி, பாண்டியனின் ஆபத்துதவிகளை, அதாவது உயிரைக் கொடுக்கச் சபதம் எடுத்த மெய்க்காவலரை, அவனுக்குத் துணைக்குக் கொடுத்து, நடுவில் நந்தினியை வைத்தார். நந்தினி எந்தக் கல்லிலும் இல்லை. ஆழ்வார்க்கடியானும் பூங்குழலியும் இல்லை. வந்தியத்தேவன் இருக்கிறான், ஆனால் இராசராசனின் அக்கா குந்தவையின் கணவன் என்பதைத் தாண்டி அவனைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கதாநாயகனுக்கு அவனைத் தெரிவுசெய்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். பெயருக்கு ஆதாரம் இருக்கிறது, மிச்சமெல்லாம் வெறுந்தாள்.

இன்னொன்று கவனித்தீர்களா? நாவல் தொடங்குகிற வீரநாராயண ஏரியும், இந்தக் கல்வெட்டு நிற்கிற ஊரும் பக்கத்தில் பக்கத்தில். கொலையாளிகளின் பெயர் பொறித்த ஊருக்கு அருகில் கரையோரமாக வந்தியத்தேவன் என்ற வாலிபன் ஆடிப்பெருக்கு பார்த்துக்கொண்டு குதிரையில் போகிறான். தெரிந்து வாசிப்பவருக்கு முதல் அத்தியாயத்திலேயே உடம்பு சிலிர்க்கும்.

அந்த வாலிபனுக்கு ஏன் தூதன் வேலை? காஞ்சியிலிருந்து இரண்டு ஓலை, ஒன்று சக்கரவர்த்திக்கு, ஒன்று குந்தவைக்கு. ஓலை கையில் இருந்தால் எந்த அரண்மனைக் கதவும் திறக்கும். கதவு திறக்காத இடத்தில் சுரங்கப்பாதை இருக்கும், சுரங்கம் இல்லாவிட்டால் பனை இலச்சினை மோதிரம் இருக்கும். கடம்பூரில் நள்ளிரவில் சிற்றரசர்கள் கூடிப் பேசுவதை அவன் ஒளிந்து கேட்கிறான். அதே நேரம் மதில்மேல் ஆழ்வார்க்கடியானின் தலையும் தெரிகிறது! ஒட்டுக்கேட்பவன் இல்லாமல் இந்த வகைக் கதை ஒரு அடி நகராது. உண்மையான சதிகள் இப்படிக் கேட்டா கண்டுபிடிக்கப்படுகின்றன? பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைப் போட்டால் வகுப்பு அரை மணித்தியாலம் சூடாக இருக்கும்.

வேடம், வால்நட்சத்திரம், உருவ ஒற்றுமை எல்லாம் வழக்கமான சாமான்கள். அவற்றில் நான் அதிகம் மினக்கெடுவதில்லை. இலங்கைப் பகுதியில்தான் நிற்க வேண்டும், ஏனென்றால் அது நம்முடைய மண்.

நாவலில் அருள்மொழிவர்மர், பின்னாளில் இராசராசன் ஆனவர், அநுராதபுரத்தில் இடிந்த விகாரைகளைத் திருத்தச் சொல்கிறார். பிக்குமார் இலங்கைச் சிங்காசனத்தையே நீட்டுகிறார்கள், அவர் மறுத்துவிடுகிறார். அழகான இடம். எனக்கும் பிடிக்கும். ஆனால் இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் என்ன சொல்கிறது? அநுராதபுர மன்னன் ஐந்தாம் மகிந்தன் படைவீரருக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல், அவர்கள் கலகம் செய்ய, உரோகணத்துக்குத் தப்பி ஓடினான். உரோகணம் என்றால் தெற்கும் தென்கிழக்கும், இன்றைய அம்பாறைப் பக்கமும் அதற்குள் வரும். இந்தச் சங்கதியைச் சோழ மன்னனிடம் கொண்டுபோய்ச் சொன்னவன் ஒரு குதிரை வியாபாரி! கல்கிகூட இப்படி ஒருவனைக் கற்பித்திருக்கலாம், ஆனால் இவன் சூளவம்சத்திலேயே இருக்கிறான். 993 அளவில் இராசராசனின் படை வந்தது, அநுராதபுரம் வீழ்ந்தது, பொலன்னறுவை தலைநகரானது. 1017இல் இராசேந்திரன் காலத்தில் மகிந்தனே பிடிபட்டு, முடியோடு சோழநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கேயே 1029இல் இறந்தான். தாதுகோபங்கள் உடைக்கப்பட்டுக் கொள்ளையடிக்கப்பட்டன என்றும் சூளவம்சம் எழுதுகிறது.

எழுதியவர்கள் பிக்குமார், அடிபட்ட பக்கம். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். திருகோணமலைக்குப் பக்கத்து வெல்கம் விகாரை சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரில் இருந்தது, அங்கே தமிழில் கல்வெட்டுகள் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரே அரசு ஒரு இடத்தில் விகாரையை உடைத்தது, இன்னொரு இடத்தில் ஆதரித்தது. நாவலின் அருள்மொழி இரண்டாவதை மட்டும் செய்கிறார். சாகசக் கதையின் நாயகனுக்குக் கறை படியக்கூடாது. அது அந்த வகை எழுத்தின் விதி. விதியை விதியாகப் பார்த்தால் கல்கியோடு சண்டையில்லை. வரலாறாகப் பார்த்துவிட்டு, பேருந்தில் பக்கத்து இருக்கைச் சிங்களப் பிள்ளையோடு வாதாடப் போனால்தான் பிரச்சினை. அப்படி ஒரு வாதம் நடந்து கண்ணீரோடு வந்த மாணவன் எனக்கு இருந்திருக்கிறான்.

தியாகமும் அப்படித்தான். அருள்மொழி முடியைச் சிற்றப்பா உத்தமசோழனுக்கு விட்டுக்கொடுத்தார் என்பது கல்கியின் கற்பனை இல்லை, திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இருக்கிறது. ஆனால் அந்தச் செப்பேடு யாருடையது? மகன் இராசேந்திரனுடையது. அப்பாவைப் பற்றி மகனின் அரசவை எழுதியதை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று நான் முடிவு சொல்வதில்லை, பிள்ளைகளே வாதாடட்டும். நாவலில் வருகிற சேந்தன் அமுதன்தான் உண்மையான உத்தமசோழன் என்ற திருப்பம் மட்டும் முழுக்கக் கல்கியின் சொந்தச் சரக்கு.

சரி, என்ன செய்யலாம்? நான் செய்வது சின்ன வேலை. நாவல் வாசிக்கிற பிள்ளையின் கையில் ஒரு பென்சில் கொடுத்துவிடுகிறேன். ஆதாரம் இருக்கிறவர் முதல் தடவை வரும்போது ஓரத்தில் 'க' என்று போடு, கல்வெட்டுக்கு. இல்லாதவருக்கு ஒரு சுழி. தெரியாவிட்டால் கேள்விக்குறி. நூலகப் புத்தகத்தில் கீறாதே, கொப்பியில் எழுது. (ஒருமுறை மூன்றாம் பாகம் முழுக்கச் சுழி போட்டு, நூலகரிடம் நானும் சேர்ந்து ஏச்சு வாங்கினேன்.) ஐந்தாம் பாகத்தின் கடைசியில் கல்கி எழுதிய முடிவுரையைக் கட்டாயம் வாசிக்கச் சொல்கிறேன். வாசகர் கேட்கக்கூடிய கேள்விகளை அவரே எடுத்துப் பேசுகிற இடம் அது. கதை முடிந்த களைப்பில் அநேகமாக எல்லாரும் அதைத் தாண்டிவிடுகிறார்கள்.

நந்தினியை எழுதிய பிள்ளைக்கு அந்தப் பந்திக்குப் புள்ளி போடவில்லை. கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. அடுத்த தவணையில் பொலன்னறுவைக்குச் சுற்றுலா போனோம். மன்னம்பிட்டிப் பாலம் தாண்டும்வரை பேருந்தில் ஒரே பாட்டு. இரண்டாம் சிவ தேவாலயத்தில் இறங்கினோம். முழுக்கக் கல்லால் கட்டிய சோழர் கோயில், அந்த நகரத்தில் எஞ்சியிருக்கிற மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. வானவன் மாதேவி ஈசுவரம் என்பது பழைய பெயர். சுவரில் தமிழ் எழுத்து. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றால் ஒன்றிரண்டு எழுத்து பிடிபடும்.

அவள் கல்லில் படாமல் விரலை ஓட்டிக்கொண்டு போய், ஒரு 'வ'வைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ரீச்சர், இது கதையில் சுந்தரசோழருக்குப் பக்கத்திலேயே இருப்பாவே, அந்த வானவன் மாதேவியா?"

"சோழ அரசியர் ஒருவருக்கு மேல் அந்தப் பெயர் இருந்திருக்கிறது மகள்."

அவள் கொப்பியைத் திறந்து அந்தப் பெயரை எழுதினாள். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் ஒரு 'க' போட்டாள். அதற்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.